காணாமல் போன பல் செட்டும் அதை நம்பிவிட்ட ரஞ்சிதமும்

உங்களில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "சார், கல்யாண வீட்டுக் காட்சியில் எல்லாம் தாறுமாறாகப் போனபோது நீங்கள் 'கட்' சொல்லாமல் காமிராவை ஓட விட்டீர்களாமே! அந்தத் துணிச்சல் எப்படி வந்தது?" உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அடக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வெளியே போய் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். அதனால் உதவி டைரக்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, நடந்தது நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்த பிறகும் நீங்கள் என்னைப் பாராட்ட விரும்பினால் நான் தடுக்கப் போவதில்லை.

யுத்த காலம். சேலத்துக்கு வெளியே பருத்தி அரவை ஆலையாக இருந்த ஒரு கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். ஆலை போய்விட்டதே தவிரப் பஞ்சு போகவில்லை. விளக்குகள் சூடேறியதும் கூரையிலிருந்து துகள் துகளாக இறங்கும். நடிகர்களின் மேக்கப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு படத்தில் கதாநாயகி அழுது முடிப்பதற்குள் அவளுக்கு வெள்ளைப் புருவம் முளைத்துவிட்டது.

கச்சா பிலிம் அப்போது சர்க்கார் அளந்து கொடுக்கும் பண்டம். ஒரு காட்சியை இரண்டாவது தடவை எடுப்பதென்றால் டைரக்டர் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார், முதலாளி கூரையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட காலத்தில்தான் அந்தப் படத்தைத் தொடங்கினோம். குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்க ஒரு படம், கூடவே கொஞ்சம் துப்பறியும் கதை. ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் அப்பா பெரிய அதிகாரக்காரர். எந்தப் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு குற்றம் சொல்வார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவருடைய பொய்ப்பல் செட்டு காணாமல் போய்விடுகிறது. வீட்டிலிருக்கும் மூன்று குழந்தைகள், இரண்டு பையன்களும் ஒரு சிறுமியும், அதைத் துப்பறிந்து கண்டுபிடிக்கிறார்கள். எடுத்தவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். ஏன் எடுத்தார் என்று கதையில் கிடையாது. அசட்டு மாமா, எடுத்துவிட்டார், அவ்வளவுதான். போலீஸ்காரர் அவரை இழுத்துப்போக எல்லாரும் சிரிக்கப் படம் முடியும்.

நான் அதில் உதவி டைரக்டர். சொந்த ஊர் ஆத்தூர். ரயிலில் சேலம் வந்து சேர்வதற்குள் ஒரு துப்பறியும் நாவலைப் படித்து முடித்துவிடுகிறவன். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே முடிவு கட்டிவிடுவேன். நான் முடிவு கட்டிய ஆள் அடுத்த அத்தியாயத்தில் குத்துப்பட்டுக் கிடப்பான். ஆனாலும் இந்தக் கலையில் எனக்கு ஒரு பிடி இருப்பதாகவே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில் டைரக்டரிடம் ஒரு யோசனை சொன்னேன். "சார், திருடன் யாருன்னு குழந்தைகளுக்கே தெரியக்கூடாது. கடைசிக் காட்சியில மாமா பிடிபடும்போது அவங்க முகத்துல வர்ற ஆச்சரியம் நிஜமா இருக்கணும்."

டைரக்டர் அதிகம் பேசமாட்டார். "செய். பொறுப்பு உன்னுது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பையன்கள் இருவரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். பால்பல் விழுவதற்கு முன்பே ராஜபார்ட் போட்டவர்கள். சிறுமி அப்படியில்லை. பேர் ரஞ்சிதம். அம்மாபேட்டையில் ஒரு நெசவுக்காரர் மகள். ஆறு வயது இருக்கும். ஜவுளி வாங்கப் போன டைரக்டரிடம், "இந்தச் சேலையில ஒரு நூலெழ உட்டுப்போச்சுங்க, வேற எடுத்துக்குங்க" என்று அப்பாவின் சரக்கையே காட்டிக் கொடுத்தாளாம். அப்பாவுக்குத் தலை குனிந்துவிட்டது. டைரக்டருக்குத் துப்பறியும் சிறுமி கிடைத்துவிட்டாள்.

மாமாவாக நடித்தவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தன் பெயர் பேச்சில் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. நாமக்கல் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நாடகக் கம்பெனியோடு போய்விட்டவர். எங்களுக்கெல்லாம் அவர் மாமாதான். சாப்பாட்டு நேரத்தில் ரஞ்சிதம் அவர் பக்கத்தில்தான் உட்காருவாள். அவர் முறுக்கைக் காதில் வளையமாக மாட்டிக்கொள்வார், அது ஆடாமல் அவள் கடித்தெடுக்க வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

ரஞ்சிதத்திடம் நான் சொன்னது இது: "பல் செட்டை யாரு எடுத்தாங்கன்னு எனக்கே தெரியாதும்மா. கடைசியில பிடிபடும்போதுதான் எல்லாருக்கும் தெரியும். நீ நல்லாக் கண்டுபிடிக்கணும்."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். காமிரா ஓடாத நேரத்திலும் துப்பறியத் தொடங்கினாள். யாரைப் பார்த்தாலும் முன்னால் வந்து நின்று, "வாயத் தொறந்து காட்டுங்க" என்பாள். லைட்காரர்கள் காட்டினார்கள். சமையற்காரர் காட்டினார். ஒருநாள் ஸ்டுடியோவைப் பார்வையிட வந்த முதலாளியையும் மறித்துவிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்களையெல்லாம் திரும்பிக்கொள்ளச் சொல்லி, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். என் முறையும் வந்தது. நான் ஓயாமல் வெற்றிலை போடுகிறவன். என் வாயைப் பார்த்ததுமே, "இவரு இல்லீங்க. காணாமப் போனது வெள்ளப் பல்லு" என்று விடுவித்துவிட்டாள்.

யாரைச் சந்தேகித்தாலும் மாமாவை மட்டும் சந்தேகிக்கவில்லை. என் யோசனை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று நான் எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

கடைசிக் காட்சி எடுக்கவேண்டிய நேரத்தில், பிலிமுக்கு அனுமதி வாங்க டைரக்டர் சென்னைக்குப் போகவேண்டியதாயிற்று. "இருக்கிற பிலிம் ஒரு தடவை எடுக்கத்தான் வரும். நீ எடுத்துடு" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

முதல் தடவையாக டைரக்டர் நாற்காலி எனக்கு. நான் கடைவீதிக்குப் போய் ஒரு தொப்பி வாங்கினேன். கொட்டகைக்குள் வெயில் கிடையாது. இருந்தாலும் ஒரு டைரக்டருக்குத் தொப்பி இல்லாமல் முடியாது என்று எனக்குத் தோன்றியது. தலைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டேன். திரும்பும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது. ஒலிப்பதிவுக்காரர் எழுந்து வந்து, "தொப்பிய எடுத்துருங்க சார், மழை பெய்யற மாதிரி கேக்குது" என்றார். எடுத்துவிட்டேன்.

கல்யாணக் கூடம் போட்டிருந்தோம். தரை முழுக்கப் புது வெள்ளைச் சமுக்காளம், முதலாளி வீட்டிலிருந்து வந்தது. எல்லாரும் தயார். எனக்கு ஒரே பதற்றம். அதை மறைக்க வெற்றிலையைப் பெரிய சுருளாக மடித்துப் புகையிலையும் சேர்த்து வாயில் அடக்கிக்கொண்டேன். காமிரா ஓட ஆரம்பித்தது.

எல்லாம் சொன்னபடி நடந்தது. பையன்கள் மாமாவின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார்கள். பல் செட்டு தரையில் விழுந்தது. போலீஸ்காரர் வந்து மாமாவின் தோளில் கை வைத்தார். ரஞ்சிதம் ஆச்சரியப்பட வேண்டும், பிறகு கைதட்டிச் சிரிக்க வேண்டும்.

அவள் பல் செட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். நேராக ஓடிப்போய்ப் போலீஸ்காரரின் கையைக் கடித்துவிட்டாள். அவர் "ஐயோ" என்று அலறியது நடிப்பில்லை. "எங்க மாமா எடுக்கலீங்க! அவரு எடுக்கமாட்டாரு! யாரோ அவருகிட்டப் போட்டுட்டாங்க!" என்று அழுது கத்திக்கொண்டு மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கட்" சொல்ல வேண்டும். என் வாய் நிறைய வெற்றிலைச் சாறு. துப்பினால் முதலாளி வீட்டுச் சமுக்காளம். விழுங்கினால் புகையிலை. வாயைத் திறந்தால் சட்டை. நான் இரண்டு கைகளையும் தூக்கி "நிறுத்து, நிறுத்து" என்று ஆட்டினேன். காமிராக்காரர் அதை "விடாதே, விடாதே" என்று புரிந்துகொண்டார். தலையை ஆட்டிவிட்டு இன்னும் அக்கறையாக ஓட்டினார். நான் கண்ணால் கெஞ்சினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டதாக அவர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். கலங்கியது நிஜம். புகையிலை கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது.

மாமா குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எங்கள் கதையில் இல்லாத வசனம் அவர் வாயிலிருந்து வந்தது.

"அழாத சாமி. நான்தான் எடுத்தேன். அந்த மனுசரு ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு குத்தஞ் சொன்னாரு. எங்கக்கா அடுப்புக்கு முன்னால உக்காந்து, பொகைன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்குப் பாக்க முடியல. பல்லு இல்லீன்னா ஒரு நாளைக்காச்சும் பேசாம இருப்பாருன்னு எடுத்துட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பாவாக நடித்தவர், பல்லில்லாத வாயை மேல்துண்டால் மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. அதோடு பிலிம் தீர்ந்தது. நான் வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு, வேப்பமரத்தடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பெரிய காட்சியை எடுத்த களைப்பு என்று சொல்லி ஒருவர் எனக்கு விசிறிவிட்டார்.

இதுவரையில்தான் உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது.

மறுநாள், பிலிம் வருவதற்குள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, ரஞ்சிதத்தை அழைத்துவரக் குதிரை வண்டி அனுப்பினோம். வண்டி காலியாகத் திரும்பி வந்தது. வரமாட்டேன் என்கிறாளாம். அவளும் மாமாவும் சேர்ந்து நடிக்கவேண்டிய ஒரு பாட்டும் இரண்டு சிறு காட்சிகளும் பாக்கி இருந்தன. கதையில் அவை முன்னால் வருபவை, எடுப்பதுதான் கடைசியில். அவை இல்லாவிட்டால் படமே இல்லை.

நான் அம்மாபேட்டைக்குப் போனேன். அவள் அம்மா வாசலுக்கு வந்தார். "வாங்க. என்ன நடந்துச்சுன்னு தெரியலீங்க. பள்ளிக்கூடம் போறா, வாரா. உங்க பேச்ச எடுத்தா மொகத்தத் திருப்பிக்கறா" என்றார். ரஞ்சிதம் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நான் மண்டியிட்டு, இனிமையான குரலில், "மாமா எடுக்கலம்மா. அது கதை. கதைக்காகச் சும்மா சொன்னாரு" என்றேன்.

"அவரே சொன்னாருங்களே, எடுத்தேன்னு."

"கதையில அப்படித்தாம்மா வரும்."

"கதைன்னா முன்னாடியே தெரியுமல்லங்க? உங்களுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க." கொஞ்சம் யோசித்தாள். "அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?"

நான் படித்த நாவல்களில் எத்தனையோ துப்பறிவாளர்கள் எத்தனையோ குற்றவாளிகளை மடக்கியிருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மைசூர்பாகு கொண்டுபோனேன். அவள் தொடவில்லை. என்னை வழியனுப்ப வந்த அவள் அப்பா மட்டும் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அதற்கும் அடுத்த நாள் எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றிற்று. ஸ்டுடியோவுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன்: "வேற ஒரு பொண்ணுக்கு அதே பாவாடையைக் கட்டிவிட்டு, முதுகுப் பக்கமா வச்சு எடுத்துடலாம்."

அவர் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளும் அவர் யாரோடும் விளையாடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "ஏனுங்க, முதுகு நடிக்குமுங்களா?" என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தனையோ வருசமா மேடையில திருடன் வேசங் கட்டியிருக்கறனுங்க. சனம் கை தட்டியிருக்குது. நெசமாலுமே நம்புன மொத ஆளு இந்தப் புள்ளதான். சந்தோசப்படோணுமா, அழுவோணுமான்னு தெரியலீங்க."

பையன்களைக் கூப்பிட்டு, "நீங்களாவது அவளிடம் போய்ச் சொல்லுங்களேன்" என்றேன்.

பெரியவன், "எங்களுக்கு மொத நாளே தெரியுமுங்க. எல்லா நாடகத்துலயும் சிரிக்க வைக்கிறவர்தான் எடுத்திருப்பாரு. அந்தப் புள்ள நம்பி வெளயாடுச்சு, அதனால சொல்லல" என்றான்.

ஆக, நான் கஷ்டப்பட்டுக் காத்த ரகசியம் ஒரே ஒரு ஜீவனிடமிருந்துதான் காக்கப்பட்டிருந்தது. அதுவும் பையன்களின் பெருந்தன்மையால்.

மாமா எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் போயிட்டு வாரேன். நீங்களும் வாங்க. போலீசுக்கு ஆள் வேணும்" என்றார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. போனேன்.

அந்த வீட்டில் நுழைந்ததும் தறிதான். நூல் கிடைக்காத காலம். தறி சும்மா கிடந்தது. அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமாவைக் கண்டதும் ரஞ்சிதம் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். மாமாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம், "ஏனுங்க அம்மிணி, உங்கூட்டுல ஒரு தார்க்குச்சி காணாமப் போயிருச்சாமா?" என்றார்.

அந்த அம்மா புத்திசாலி. "ஆமாங்க, காலையில இருந்து தேடறேன்" என்றார். நூல் சுற்றும் குச்சிகள் பக்கத்துக் கூடையில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன.

மாமா துப்பறியத் தொடங்கினார். தரையில் தவழ்ந்தார். தறிக்கு அடியில் தலையை விட்டுத் தும்மினார். என் சட்டைப் பையில் கை விட்டு வெற்றிலையை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது திருடன் இல்ல, வெறும் வெத்தல" என்றார். தெருப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது.

கடைசியில் அவர் விரலை நீட்டினார். "இந்தப் புள்ளதான் எடுத்துச்சு!"

ரஞ்சிதம் வெளியே பாய்ந்து வந்தாள். "நான் எடுக்கலீங்க!"

அவர் அவள் முன் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "தெரியும் சாமி. நீ எடுக்கல. ஆனா எடுத்தேன்னு சொல்லு. இந்தச் சனம் நம்புதான்னு பாப்போம்."

"எடுக்காம எப்படிங்க எடுத்தேன்னு சொல்றது?"

"அதுதாஞ் சாமி எம்பட பொழப்பு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான்தான் எடுத்தேன்" என்றாள். தெருப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "பொய்யி, பொய்யி" என்று கத்தினார்கள்.

"நம்பலியே" என்று மாமா உதட்டைப் பிதுக்கினார்.

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றாள். கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். குரல் மாறியிருந்தது.

"நான்தான் எடுத்தேன். நூல் வரல. அப்பா யாருகிட்டயும் பேசாம தறியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. தார்க்குச்சி கண்ணுல பட்டா அவருக்கு வருத்தமா இருக்குமுன்னு எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்."

வாசலில் சத்தம் அடங்கிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிற்று. இந்தத் தடவை வாயில் வெற்றிலை கிடையாது.

"ஏனுங்க, போலீசு!" என்று மாமா எனக்கு ஜாடை காட்டினார். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான், பக்கத்து வீட்டம்மாள் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "யோவ், உடுய்யா! அப்பன் மொகம் வாடக்கூடாதுன்னு எடுத்துச்சு பச்சப்புள்ள. அதப் போயிப் புடிக்கிறயே, நீயெல்லாம் மனுசனா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். நல்ல கனத்த கை.

ரஞ்சிதம் துள்ளிக் குதித்தாள். "நம்பிட்டாங்க! நம்பிட்டாங்க! நான் எடுக்கவே இல்ல! எல்லாக் குச்சியும் கூடையில இருக்குது!" முன்பல் ஒன்று விழுந்திருந்த வாய் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மாள் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "இருந்தாலும் நீ புடிச்சது தப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு ஓய்ந்ததும் ரஞ்சிதம் மாமாவின் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப நீங்களும் எடுக்கலீங்களா?"

"இல்ல சாமி."

"சும்மா சொன்னீங்களா?"

"சும்மாத்தான். நீ அழுதயல்ல, அழுவறதுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு சொன்னேன்."

அவள் அவர் காதைத் தொட்டுப் பார்த்தாள். முறுக்கு மாட்டிக்கொள்ளும் காது. "நாளைக்கு வண்டி வருமுங்களா?" என்று என்னைக் கேட்டாள். வரும் என்றேன். "நெசமாவா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டது நியாயம்தான்.

டைரக்டர் அனுப்பிவைத்த பிலிம் வந்த பிறகு பாக்கிக் காட்சிகளை எடுக்கத் தொந்தரவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இது என்னங்க? நான் என்ன நெனைக்கோணும்? கடைசியில என்ன ஆவும்?" என்று கேட்பாள். எல்லாவற்றையும் சொன்னோம். தெரிந்துகொண்டு நடித்தாள். தெரியாமல் நடித்ததைவிட நன்றாகவே நடித்தாள். தெரிந்தால் ஆச்சரியம் வராது என்று நாவல் படித்து நான் கண்டுபிடித்திருந்த தத்துவம் அம்மாபேட்டைத் தெருவில் அடிபட்டுப் போயிற்று.

டைரக்டர் சென்னையிலிருந்து வந்து கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் இழுத்துப்போவதும் எல்லாரும் சிரிப்பதும் இல்லாமல் படம் அங்கேயே முடியட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் கட் சொல்லல?"

"வாயில வெத்தலை சார்."

அவர், "இனிமே உனக்கு வெத்தலை கம்பெனிக் கணக்கு" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இதிலிருந்து எப்போது 'கட்' சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது சின்ன விஷயம். உங்கள் காட்சி நன்றாக வரவேண்டும் என்பதற்காக ஒருவரை இருட்டில் வைத்தால், காட்சி வந்துவிடும், ஆள் போய்விடுவார். போன ஆளைத் திரும்பக் கூட்டிவர, நாற்காலியில் உட்கார்ந்தபடி நல்ல யோசனைகள் சொன்னால் போதாது. அவர் வீட்டுக்குப் போய்த் தரையில் தவழ வேண்டும். தவழத் தெரிந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அது நான் இல்லை.

படம் சேலத்தில் வெளியானபோது ரஞ்சிதத்தின் குடும்பத்தைக் கொட்டகைக்கு அழைத்துப்போகும் வேலை எனக்கு. பெண்கள் பக்கத்தில் அவளும் அம்மாவும், தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அவள் அப்பாவும். கல்யாணக் கூடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் கடிபட்டு அலறியபோது கொட்டகையே அதிர்ந்தது. பிறகு மாமா அவளைத் தூக்கிக்கொண்டு, அக்கா அடுப்புக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். ரஞ்சிதத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ரஞ்சிதம் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் குரல் தட்டியைத் தாண்டி எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அழுவாதீங்க. அவரு எடுக்கவே இல்லீங்க. கதைக்குச் சும்மா சொல்றாரு."

அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எனக்கும் தெரியும் சாமி. நீ கொஞ்சம் பேசாம இரு, நான் அழுதுக்கறேன்."